முதலில் கையெழுத்து, அப்புறம் டிக்கெட்

கேள்வி: சார், எனக்குக் காசிமேடு. தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். ஜெர்மனியில் டார்ட்மண்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்தோடு எங்கள் கல்லூரிக்கு ஒப்பந்தம் இருக்கிறது. ஐந்தாவது செமஸ்டரை அங்கே படிக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அக்டோபரில் போய் பிப்ரவரி கடைசியில் திரும்ப வேண்டும். மாதம் 850 யூரோ உதவித்தொகை உண்டு, விமான டிக்கெட் நம் செலவு. அப்பா விசைப்படகில் டிரைவர், அம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறார். "பொட்டப்புள்ளைய அவ்ளோ தூரம் தனியா அனுப்ப முடியாது" என்கிறார் அப்பா. வங்கியில் பன்னிரண்டு லட்சம் காட்ட வேண்டும் என்று ஒரு சீனியர் சொன்னார், அதிலிருந்து அம்மா பீரோவைத் திறந்து நகையைப் பார்த்தபடியே இருக்கிறார். கணக்குத் தாள் எம்-2வில் ஓர் அரியர் வேறு. ஒரு செமஸ்டர் போய்வந்து என்ன ஆகப்போகிறது, பேசாமல் விட்டுவிடலாமா? பி.கு.: கருவாடு கொண்டுபோகலாமா என்று அம்மா கேட்கச் சொன்னார்.
பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்:

விட்டுவிடாதீர்கள், போங்கள். ஆனால் நீங்கள் கடிதத்தில் கேட்காத ஒரு விஷயத்தில்தான் எனக்குக் கவலை, அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

பதினேழு வருடம் ஒரு கல்லூரியில் வெளிநாட்டுப் பரிமாற்ற அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். பிள்ளைக்கு அந்த ஊரில் ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் எல்லா வீட்டிலும் பயப்படுவார்கள். குளிர், சாப்பாடு, தனிமை, கெட்ட சகவாசம் என்று ஒரு பெரிய பட்டியலே வைத்திருப்பார்கள். ஆனால் நான் அனுப்பிய பிள்ளைகளுக்கு உண்மையில் இடி விழுந்த இடம் பெரும்பாலும் ஐரோப்பா இல்லை, திரும்பி வந்த பிறகு நம்ம ஊர்த் தேர்வுப் பிரிவின் ஜன்னல்தான்.

ஒரு பையன் கதை சொல்கிறேன், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். மெக்கானிக்கல் படித்தவன், பெரம்பூர்ப் பக்கம் வீடு. ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் நன்றாகவே படித்துவிட்டு ஒரு தாளில் 1.3, இன்னொன்றில் 1.7 வாங்கிவந்தான். ஜெர்மனியில் மதிப்பெண் நமக்கு நேர் எதிர்: 1.0 தான் உச்சம், 4.0 வரைக்கும் பாஸ், 5.0 என்றால் ஃபெயில். இங்கே தேர்வுப் பிரிவில் இருந்தவர் அந்த 1.3ஐ அப்படியே பத்துக்கு என்று கணினியில் ஏற்றிவிட்டார். கணினி என்ன செய்யும், ஆர்.ஏ., அதாவது ஃபெயில், திரும்ப எழுது என்று போட்டுவிட்டது. வகுப்பிலேயே நல்ல மதிப்பெண் வாங்கினவன் இரண்டு அரியரோடு ஜூலையில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நின்றான், முதல் நிறுவனம் 'நிலுவைத் தாள் இருக்கக் கூடாது' என்று சொல்லி உள்ளேயே விடவில்லை. அதைச் சரிசெய்ய நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் அவன் அம்மா என் அறை வாசலில் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. அந்த மதிப்பெண்ணை இங்கே எப்படி மாற்றிப் போட வேண்டும் என்று ஒரு தாளில் முன்னாலேயே எழுதி வாங்காதது அவன் தப்பில்லை, என் தப்பு. அதற்கப்புறம் அந்தத் தாள் இல்லாமல் ஒருவரையும் நான் அனுப்பியதில்லை.

அதனால் டிக்கெட் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் கையில் இரண்டு தாள் இருக்க வேண்டும். ஒன்று, 'லேர்னிங் அக்ரிமென்ட்' என்பார்கள். அங்கே என்னென்ன தாள் படிக்கப்போகிறீர்கள், ஒவ்வொன்றும் இங்கே எந்தத் தாளுக்கு ஈடு என்று எதிரெதிரே எழுதி நீங்கள், உங்கள் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் மூவரும் கையெழுத்துப் போடுவது. இது எல்லோருக்கும் கிடைத்துவிடும். இரண்டாவதுதான் யாரும் கேட்காதது. முதல்வரோ தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியோ கையெழுத்திட்ட, கல்லூரி முத்திரை போட்ட ஒரு கடிதம். ஜெர்மன் மதிப்பெண்ணை எந்தக் கணக்கில் நம் மதிப்பெண்ணாக மாற்றுவார்கள், ஐந்தாவது செமஸ்டரில் உங்களைப் 'பிரேக் ஆஃப் ஸ்டடி' என்று போடாமல் பரிமாற்றம் என்று பதிவார்களா, ஆறாவது செமஸ்டரில் நீங்கள் இல்லாத வாரங்களுக்கு ஓ.டி. (கல்லூரிக் காரியமாகப் போனதால் வந்ததாகவே கணக்கு வைப்பது) தருவார்களா, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'பாத்துக்கலாம்மா, நீ போய்ட்டு வா' என்று துறைத்தலைவர் நல்ல மனசோடுதான் சொல்வார், ஆனால் நீங்கள் திரும்பி வரும்போது அவர் அந்த நாற்காலியில் இருப்பார் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

அந்த ஓ.டி. விஷயம் சின்னதாகத் தெரியும், அப்படி இல்லை. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் வகுப்பு அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை போகும், தேர்வு அதற்குப் பின்னால். இங்கே உங்கள் ஆறாவது செமஸ்டர் ஜனவரி வாக்கில் ஆரம்பித்துவிடும். நீங்கள் வந்து இறங்கும்போது ஏழெட்டு வாரம் போயிருக்கும். அதற்கு எழுத்தில் ஓ.டி. இல்லையென்றால் 75 சதவீத வருகை எந்தக் கணக்குப் போட்டாலும் வராது. உங்கள் கல்லூரி தன்னாட்சி என்றால் எல்லாம் உள்ளேயே முடியும். இணைப்புக் கல்லூரி என்றால் கோப்பு பல்கலைக்கழகம் வரை போய் வரணும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஆகவே இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

எம்-2வை இந்த மே மாதமே முடித்துவிடுங்கள். நவம்பர் டிசம்பர் தேர்வின்போது நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள், அப்புறம் அது இறுதியாண்டு வரைக்கும் இழுக்கும். இதில் ஆலோசனை சொல்ல ஒன்றுமில்லை, உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான்.

தாள் தேர்ந்தெடுப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜெர்மனியில் ஆங்கிலத்தில் படிக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் முதுநிலைப் படிப்புக்கு. இளநிலை வகுப்புகளில் பெரும்பகுதி ஜெர்மன் மொழியில்தான் நடக்கும். பரிமாற்ற மாணவர்களுக்கு என்று ஆங்கிலத் தாள்களின் பட்டியல் ஒன்று தனியாகக் கொடுப்பார்கள், அது உங்கள் ஆசையைவிடச் சின்னதாக இருக்கும். அதிலும் சில தாள் கோடைகால செமஸ்டரில் மட்டும்தான் நடக்கும், பட்டியலில் பெயர் இருக்கிறதே என்று எழுதிவிட்டுப் போனால் அங்கே வகுப்பே இருக்காது. ஒவ்வொரு தாளுக்கும் மொழி எது, எந்த செமஸ்டர் என்று இரண்டையும் பார்த்து, மாற்றுத் தாளாக இரண்டு கூடுதலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பது அங்கத்திய முழுச் சுமை, ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வுப் படிப்பு எல்லாம் சேர்த்து 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. உங்கள் கல்லூரி ஈடாகக் கேட்கிறது எவ்வளவோ அதை மட்டும் எடுங்கள், வீராப்பில் முப்பதும் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. நிறைய வகுப்புகளில் வருகைப் பதிவே கிடையாது. இன்டர்னல் மார்க் என்று ஒன்றும் இல்லாமல் கடைசியில் ஒரே தேர்வு. நம் பிள்ளைகள் முதல் மாதம் இதை சொர்க்கம் என்று நினைப்பார்கள், பிப்ரவரியில்தான் புரியும். தேர்வு எழுதுவதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு, அதை விட்டவர் வகுப்பு முழுக்க உட்கார்ந்திருந்தாலும் தேர்வு எழுத முடியாது. யாரும் கூப்பிட்டு ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

சரி, பன்னிரண்டு லட்சத்துக்கு வருவோம், அம்மா பாவம் பீரோவை மூடட்டும்.

அந்த சீனியர் பொய் சொல்லவில்லை, வேறு கதையைச் சொல்லியிருக்கிறார். சொந்தச் செலவில் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோவை, அதாவது மாதம் 992 யூரோ வீதம், முடக்கக் கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் அது பன்னிரண்டு லட்சத்துக்குப் பக்கம் வருகிறது. நீங்கள் போவது ஐந்து மாதம், அதில் 850 யூரோவுக்கு உதவித்தொகைக் கடிதமே சாட்சி. மிச்சம் மாதம் 142 யூரோ, ஐந்து மாதத்துக்கு 710 யூரோ, சுமார் 71 ஆயிரம் ரூபாய். காட்ட வேண்டியது இதுதான். அதுவும் செலவு இல்லை, அங்கே போனதும் மாதாமாதம் உங்களுக்கே திரும்பி வரும். (இந்தத் தொகையை அவ்வப்போது ஏற்றுவார்கள், விண்ணப்பிக்கிற வாரத்தில் சென்னையில் இருக்கும் ஜெர்மன் துணைத்தூதரகத்தின் இணையப் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள். நம் மார்க் ஷீட் உண்மைதானா என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் உங்களுக்கு வேண்டுமா என்பதையும் அங்கேயே பாருங்கள், முழுப் பட்டப்படிப்புக்குப் போகிற அண்ணன்கள் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.)

ஆனால் கையில் ரொக்கம் வேண்டும், அதை மறைக்க மாட்டேன். உதவித்தொகையின் முதல் தவணை நீங்கள் அங்கே போய் வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் பெரும்பாலும் வரும், ஒரு மாதம் ஒன்றரை மாதம் ஆனாலும் ஆச்சரியமில்லை. அதுவரைக்கும் அறை அட்வான்ஸ், முதல் மாத வாடகை, பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் செமஸ்டர் தொகை 300 யூரோவுக்கு மேல், காப்பீடு, சாப்பாடு. டிக்கெட், விசாவுக்கு 75 யூரோ, அந்த 71 ஆயிரம் எல்லாம் சேர்த்தால் மூன்று லட்சம் ரூபாய் புரட்டத் தயாராக இருக்க வேண்டும். பயந்துவிடாதீர்கள், முழுதும் போய்விடுகிற பணம் இல்லை அது. அங்கே மாணவர் விடுதி அறை 300 யூரோ, மாணவர் மருத்துவக் காப்பீடு 140 முதல் 150, நீங்களே சமைத்தால் சாப்பாட்டுக்கு 200, போன் அது இது என்று ஒரு 70 என்று வைத்தால் மாதம் 720 பக்கம் வரும். 850இல் மிஞ்சுகிறதை வைத்து செமஸ்டர் தொகையை ஈடுகட்டிவிடலாம், அட்வான்ஸ் கடைசியில் திரும்ப வரும். கணக்கு முடியும்போது வீட்டிலிருந்து உண்மையாகப் போனது டிக்கெட், விசா, கொஞ்சம் சில்லறை. ஒன்றேகால் லட்சத்துக்குள் நிற்கும். இதற்கு வங்கியில் நகைக்கடன் வாங்கலாம், தப்பில்லை. தண்டல்காரரிடம் போகாதீர்கள்.

பகுதிநேர வேலை பார்த்துச் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு விடுங்கள். சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் ஜெர்மன் பேசத் தெரியாமல் ஐந்து மாதத்துக்கு வருகிறவருக்கு யாரும் உடனே வேலையை எடுத்து நீட்ட மாட்டார்கள். கிடைத்தால் லாபம், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தேதிகளைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில், அப்பாவின் வங்கிப் புத்தகத்தில் அந்த இரண்டு மாதம் ஒன்றும் ஏறாது. நீங்கள் விசாவுக்குப் போட வேண்டியது ஜூன் ஜூலையில். 90 நாளுக்கு மேல் தங்குகிறீர்கள், அதனால் ஷெங்கன் சுற்றுலா விசா ஆகாது, ஜெர்மனியின் தேசிய விசாதான் வேண்டும், அதற்கு நேரம் வாங்கிக் காத்திருக்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே அப்பா கையெழுத்து வேண்டிய எதுவாக இருந்தாலும் தடைக்காலம் முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். படகு இறங்கிவிட்டால் அப்புறம் அவரை எங்கே பிடிப்பது?

அப்பாவிடம் பேசுவதற்கும் இதுதான் நேரம், வலை பின்னிக்கொண்டு வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் 'காலம் மாறிப்போச்சுப்பா' என்று ஆரம்பிக்காதீர்கள், அதில் எந்த அப்பாவும் இளகினதை நான் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த கணக்கில் பேசுங்கள். அவர் கடலுக்குப் போனால் பத்து நாள் ஆகும், கரை தாண்டினால் போன் எடுக்காது, அந்தப் பத்து நாளும் அம்மாவும் நீங்களும் இங்கே என்ன மனநிலையில் இருப்பீர்கள் என்று அவர் யோசித்திருக்கிறாரா? நீங்கள் போகிற இடத்தில் தினமும் போன் எடுக்கும். குளிர்காலத்தில் நமக்கும் அங்கேக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம் (அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் மூன்றரை, அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைப்பார்கள்). அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்குக் கிளம்பும்போது உங்களுக்கு முந்தைய ராத்திரி பத்தரை, பேசிவிட்டுத் தூங்கலாம். அங்கே பரிமாற்ற அலுவலகத்தில் உங்களைப் பார்த்துக்கொள்கிறவரின் பெயரையும் நம்பரையும் தாளில் எழுதி அப்பா கையில் கொடுங்கள், முடிந்தால் அவரை வீடியோவில் கூப்பிட்டு ஒரு வணக்கம் சொல்ல வையுங்கள். மொழி புரியாவிட்டால் என்ன, முகம் பார்த்தால் போதும்.

நம்ம பக்கத்துப் பெண்கள் போகாமலும் இல்லை. புதுவண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்தார், அப்பாவுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்கும். போட்டி வேறு, படிப்பு வேறு என்பார், சொல்லட்டும். பேச்சு தொடங்கிவிட்டதல்லவா.

அப்பாவிடம் சொல்ல இன்னொரு சங்கதியும் வைத்திருக்கிறேன். நம் பெயரில் இனிஷியல், அவர்கள் படிவத்தில் குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து குடும்பப் பெயர் இடத்தில் போட்டிருந்தால், ஜெர்மனியில் எல்லோரும் உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், 'ஃப்ராவ்' இன்னார் என்று. விடுதியில் தபால் பெட்டியில் ஒட்டுவதும் அந்தப் பெயர்தான். காசிமேட்டுப் படகு டிரைவரின் பெயர் டார்ட்மண்டில் ஒரு பெட்டிமேல் அஞ்சு மாதம் ஒட்டியிருக்கும். (இதில் விளையாட்டு மட்டும் இல்லை, காரியமும் இருக்கிறது. வங்கி அட்டை, ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும், பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார். மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் விரித்த பெயரும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று கல்லூரியிடம் ஒரு கடிதம் வாங்கிவையுங்கள்.)

'போய்வந்து என்ன ஆகப்போகிறது' என்று கேட்டிருந்தீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி அதுதான், கொஞ்சம் கோபம் வந்த கேள்வியும் அதுதான். வேறு ஊராக இருந்தால் பொதுவாக ஏதாவது சொல்லியிருப்பேன். நீங்கள் காசிமேட்டில் பிறந்து சிவில் படித்து டார்ட்மண்டுக்குப் போகிறீர்கள்.

அந்த ஊர்ப் பக்கத்தில் எம்ஷர் என்று ஓர் ஆறு உற்பத்தியாகிறது. சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு ஆலையும் இருந்த பூமி. சுரங்கம் தோண்டத் தோண்ட மேலே நிலம் உள்வாங்கும், அதனால் பூமிக்கடியில் கழிவுநீர்க் குழாய் போட்டால் உடைந்துவிடும். வேறு வழியில்லாமல் ஆற்றையே கான்கிரீட் போட்டு நேராக்கி, வீட்டுச் சாக்கடை, ஆலைக் கழிவு எல்லாவற்றையும் திறந்தவெளியில் அதில் விட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் அது ஆறில்லை, சாக்கடை. நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் நடக்கிறவருக்கு விளக்க வேண்டியதில்லை. சுரங்க வேலை ஓய்ந்து நிலம் உள்வாங்குவது நின்ற பிறகு, 1992 வாக்கில் மீட்பு வேலையைத் தொடங்கினார்கள். ஆற்றுக்கு இணையாக டார்ட்மண்டிலிருந்து 51 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரிய கழிவுநீர்க் குழாயைப் பூமிக்கடியில் பதித்து, சாக்கடையை அதற்குத் திருப்பி, கான்கிரீட்டை உடைத்து ஆற்றை அதன் போக்கில் விட்டார்கள். 2021 கடைசியில்தான் கழிவுநீர் விழுவது முழுக்க நின்றது. முப்பது வருடம், ஐந்நூறு கோடி யூரோவுக்கு மேல் செலவு. டார்ட்மண்டில் பழைய ஃபீனிக்ஸ் இரும்பாலையைக் கழற்றிச் சீனாவுக்கு விற்றுவிட்டு அந்த இடத்தில் ஓர் ஏரியே வெட்டியிருக்கிறார்கள், 2010இல் தண்ணீர் விடத் தொடங்கினார்கள், பக்கத்திலேயே எம்ஷர் ஓடுகிறது. பிள்ளைகளோடு ஒரு நவம்பரில் நான் போனபோது அந்தக் கரையில் ஒருவர் நாயோடு நடந்துகொண்டிருந்தார், தண்ணீரில் வாத்து. நான் எண்ணூர் கழிமுகத்தை நினைத்துக்கொண்டு நின்றேன்: கொசஸ்தலையில் அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு படர்ந்த எண்ணெய், அதில் கறுத்துப்போன வலைகள். அந்த வலைகள் உங்கள் உறவுக்காரர்கள் யாருடையதாகவாவது இருந்திருக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான்: நீர் மேலாண்மை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, இந்தப் பக்கம் ஆங்கிலத்தில் என்ன தாள் இருந்தாலும் எடுங்கள். எடுத்து, முதல் மாதமே அந்தப் பேராசிரியரிடம் போய் 'எங்கள் ஊரில் இப்படி ஒரு கழிமுகம் இருக்கிறது' என்று நாலு படம் காட்டுங்கள். அங்கே பேராசிரியர்களைப் பார்க்க வாரத்தில் குறித்த நேரம் உண்டு, மின்னஞ்சலில் கேட்டுவிட்டுப் போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள். இறுதியாண்டுப் புராஜெக்ட்டுக்கு இதைவிடப் பெரிய விதை எனக்குத் தெரியாது. எம்ஷரில் செய்த அத்தனையும் எண்ணூரில் நடக்காது, அங்கே ஓர் ஆறு, இங்கே கடலோடு கலக்கிற உவர்நீர், ஆலைகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எது பொருந்தும் எது பொருந்தாது என்று சொல்ல இரண்டு ஊரும் தெரிந்த ஆள் வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவில் எதற்கு ஜெர்மனி போனாய் என்று கேட்டால் மற்றவர்கள் 'எக்ஸ்போஷர்' என்று பதில் சொல்லுவார்கள். நீங்கள் பத்து நிமிடம் பேசலாம்.

மற்றவை சுருக்கமாக. அறைக்கு மாணவர் விடுதியில் இப்போதே விண்ணப்பியுங்கள். இணையத்தில் அழகான ஃபிளாட் படம் போட்டு, நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று ஒருவர் எழுதினால், அது திருட்டு, யோசிக்கவே வேண்டாம். நம்மூரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய உங்களுக்கு ஒரு நல்ல சேதி, அங்கே சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். திரும்பும்போது அந்தப் பதிவை ரத்து செய்யவும், காப்பீட்டை முடித்துக்கொள்ளவும் மறக்காதீர்கள், மறந்த பிள்ளைகளுக்கு ஊருக்கு வந்த பிறகும் பில் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி பருப்பு பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள், பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் வரும், நாலு பாட்டில் ஒரு யூரோ. ஸ்வெட்டருக்கு எம்.சி. ரோட்டில் அலைய வேண்டாம், அந்த மழைக்கும் காற்றுக்கும் அது தாங்காது, உள்ளே போட நாலு பனியன் இங்கே வாங்கிக்கொண்டு கோட்டை அங்கே பழசாக வாங்குங்கள். நம்ம இரண்டு முள் சார்ஜர் அங்கே சொருகும், மூன்று முள் சொருகாது, பர்மா பஜாரில் ஒரு அடாப்டர் வாங்கிவிடுங்கள்.

நவம்பர் நடுவில் ஒரு வாரம் மோசமாக இருக்கும், இதை முன்னாலேயே சொல்லிவைக்கிறேன். புதுசு என்ற கிறக்கம் வடிந்திருக்கும், நாலரை மணிக்கே இருட்டிவிடும், டிசம்பரில் காலை எட்டரை வரைக்கும் விடியாது, தூறிக்கொண்டே இருக்கும், அம்மா போனில் வஞ்சிரம் எவ்வளவுக்கு ஏலம் போனது என்று சொல்லும்போது தொண்டை அடைக்கும். எல்லோருக்கும் வருகிறது அது, தப்பான முடிவு எடுத்துவிட்டோம் என்பதற்கு அடையாளம் இல்லை. அந்த வாரத்தில் டிக்கெட்டை மாற்றுவது பற்றி மட்டும் யோசிக்காதீர்கள். அறையில் கிடக்காமல் ஒரு சனிக்கிழமை ரயில் ஏறி முப்பது கிலோமீட்டர் சுமாரில் இருக்கும் ஹாம் நகரத்துக்குப் போங்கள், அங்கே ஈழத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோவில் இருக்கிறது, 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோபுரத்தைப் பார்த்தால் ஜெர்மனி என்று நம்ப மாட்டீர்கள். தேர்த் திருவிழா கோடையில் நடக்கும், உங்களுக்கு வாய்க்காது, ஆனால் பொங்கலுக்கு நீங்கள் அங்கேதானே இருப்பீர்கள்.

கடைசியாக அம்மாவின் கேள்வி, எனக்கு வந்ததிலேயே உருப்படியான கேள்வி. கொண்டுபோகலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது, அதனால் அம்மா நெய்யும் பால்கோவாவும் கட்டினால் விமான நிலையத்தில் குப்பைக்குத்தான் போகும். பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தும் கூடாது, அதைக் காயவைத்துப் பொடியாக்கி எடுத்துப் போங்கள். ஆனால் மீனுக்கு விலக்கு உண்டு, சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் விடுகிறார்கள், குடலெடுத்துச் சுத்தம் செய்து உலர்த்தியதாக இருந்தால் போதும். இருபது கிலோவும் கேட்காதீர்கள், ஒரு கிலோ நெத்திலி போதும். பிரச்சினை சுங்கத்தில் இல்லை, விடுதியின் பொதுச் சமையலறையில்தான். வறுத்தால் புகை எச்சரிக்கை மணி அடிக்கும், பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு வருவார்கள். வறுக்காமல் புளி விட்டுத் தொக்காக, மூடி போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யச் சொல்லுங்கள் அம்மாவை, இங்கேயே இரண்டு தடவை செய்து காட்டட்டும், உங்களுக்குக் கை பழகிவிடும். பொட்டலத்துக்கு மூன்று கவர் போடுங்கள், பெட்டியில் உங்கள் துணிமணிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.